ஏ.ஐ. கையில் ஒரு கால்குலேட்டர்: பயன்படுத்தும் குறிப்பை எழுதுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்று முதலில் இயக்கிப் பார்ப்பவற்றில் சாட் ஜிபிடி, ஜெமினி, கோபைலட், கிளாட் போன்ற செயற்கை நுண்ணறிவு உரையாடல் வசதி ஒன்று நிச்சயம் இருக்கும். முதலில் கடிதம் எழுதித் தரச் சொல்கிறோம். பின்னர் சமையல் குறிப்பு கேட்கிறோம். அடுத்து, வீட்டுக் கணக்குகளுக்கு வந்துவிடுகிறோம். 20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுகளில் கட்ட வேண்டும் என்றால் மாதத் தவணை எவ்வளவு? கேள்வியை டைப் செய்து என்டர் தட்டினால், சில விநாடிகளில் ஒரு தொகை திரையில் வந்து நிற்கும். அது 17,356 ரூபாயாக இருக்கலாம். 16,961 ரூபாயாகவும் இருக்கலாம். இரண்டுமே நம்பும்படியான தொகைகள்தான். ஆனால் வித்தியாசம் மாதத்திற்கு 395 ரூபாய்க்கு மேல். 240 மாதங்களுக்குச் சேர்த்துப் பார்த்தால் சுமார் 95 ஆயிரம் ரூபாய்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஆண்டு வட்டியை 12ஆல் வகுத்து மாத வட்டியாக எடுத்துக் கொண்டால் முதல் தொகை வரும். நம் வங்கிகள் பொதுவாகப் பின்பற்றுவது இதைத்தான். மாத வட்டி கூட்டு வட்டியாகச் சேர்ந்து ஆண்டிற்குச் சரியாக 8.5 சதவீதம் ஆக வேண்டும் எனக் கணக்கிட்டால் இரண்டாவது தொகை வரும். இரண்டிலும் கூட்டல், பெருக்கலில் எந்தத் தவறும் இல்லை. கணக்குப் போட்ட புரோகிராம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பது, அதனைப் பயன்படுத்திய ஏ.ஐ.க்குத் தெரிந்திருந்ததா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைத் தெரிவிக்க வேண்டியது, அந்தப் புரோகிராமுடன் தரப்படும் சில வரிக் குறிப்பு. அந்தக் குறிப்பினை எப்படி எழுத வேண்டும் என்பதை இங்கு பார்க்கலாம். புரோகிராம் எழுதுபவர்கள் சமாச்சாரம் இது என ஒதுக்க வேண்டாம். வீட்டில் உள்ள கால்குலேட்டரையும் எக்ஸெல் புரோகிராமையும் கொண்டே இதனைப் புரிந்து கொள்ளலாம்.

கணக்குக்கு ஏன் தனி டூல்?

உரையாடல் வசதிகளின் பின்னால் இருப்பது மொழி மாடல். ஒரு வாக்கியத்தில் அடுத்து என்ன சொல் வரும் எனக் கணித்து, சொல்லுக்குப் பின் சொல்லாகக் கோர்த்துக் கொண்டே செல்வதுதான் அதன் வேலை. எண்களையும் அது இப்படித்தான் கையாள்கிறது. நாம் பள்ளியில் கற்றபடி ஒன்று, பத்து, நூறு என இடமதிப்புப் பார்த்துப் பெருக்குவது இல்லை. எடுத்துக்காட்டாக, ஜிபிடி 4 மாடல் பெரிய எண் ஒன்றை இடப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கத் துண்டுகளாக வெட்டிக் கொள்ளும். 29806758 என்பது அதற்கு 298, 067, 58 என்ற மூன்று துண்டுகள். நமக்கோ அது இரண்டு கோடியே 98 லட்சத்துச் சொச்சம்.

இதன் விளைவு என்ன? 12 பெருக்கல் 12 என்றால் உடனே 144 வரும்; அது படித்த புத்தகங்களில் ஆயிரம் முறை பார்த்தது. 4738 பெருக்கல் 6291 என்றால், டூல் துணையில்லாத மாடல் முதல் சில இலக்கங்களையும் கடைசி இலக்கத்தையும் சரியாகச் சொல்லிவிட்டு நடுவில் சறுக்கிவிடும். சரியான விடை 2,98,06,758. புதிய மாடல்கள் படிப்படியாக எழுதிப் பார்த்து இத்தகைய கணக்குகளை முன்பைவிட நன்றாகவே செய்கின்றன. ஆனாலும் 40 வரி மளிகைப் பட்டியலைக் கூட்டச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

எனவே மாடலின் கையில் ஒரு கால்குலேட்டரைக் கொடுத்துவிடுவது என முடிவு செய்தார்கள். மெட்டா நிறுவன ஆய்வாளர்கள் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட டூல்பார்மர் என்னும் ஆய்வில், மாடலுக்குக் கற்றுத் தந்த டூல்களில் ஒன்று கால்குலேட்டர்தான். அதே ஆண்டு ஜூன் மாதம் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம், எந்தப் புரோகிராமரும் தன் சொந்த டூலினை மாடலுடன் இணைக்கும் வசதியைத் தந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் இதற்கான பொது விதிமுறை ஒன்றை, மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பெயரில் வெளியிட்டது. பிரின்டர் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் ஒரே யு.எஸ்.பி. கேபிளில் இணைக்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதுபோல.

இப்படி டூல்களை எடுத்து, ஒரு வேலையைப் பல படிகளாகத் தானே செய்து முடிக்கும் அமைப்பினைத்தான் ஏஜென்ட் என்கிறார்கள். "இந்த மூன்று வங்கிகளின் கடன் திட்டங்களை ஒப்பிட்டு ஒரு அட்டவணை தயார் செய்" என்று சொன்னால், ஏஜென்ட் வட்டி விகிதங்களைத் தேடும், கால்குலேட்டரை மூன்று முறை அழைக்கும், அட்டவணையை எழுதும். இடையில் வந்த எண்களை நாம் பார்ப்பதே இல்லை. கடைசி அட்டவணைதான் நம் கண்ணில் படும்.

ஏஜென்ட் டூலை எப்படிப் பார்க்கிறது?

இங்குதான் முக்கியமான விஷயம் ஒன்று உள்ளது. டூலின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் புரோகிராம் வரிகளை ஏஜென்ட் பொதுவாகப் பார்ப்பதில்லை. அதற்குத் தரப்படுவது மூன்றே விஷயங்கள். டூலின் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதற்கு என்னென்ன மதிப்புகளை எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்ற பட்டியல். இவற்றைப் படித்துவிட்டு, "இந்த டூலை இந்த மதிப்புகளுடன் இயக்கு" என ஒரு குறிப்பினை மாடல் எழுதும். வெளியில் உள்ள புரோகிராம் அதனை எடுத்து, டூலினை இயக்கி, விடையை மாடலிடம் திருப்பித் தரும்.

நாமாக இருந்தால் புதிய கால்குலேட்டருடன் வரும் சிறு புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு பட்டன்களைத் தட்டிப் பார்த்துத் தெரிந்து கொள்கிறோம். விடை விசித்திரமாக வந்தால் புருவத்தை உயர்த்துகிறோம். ஏஜென்ட் இதற்கு நேர்மாறு. குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு முறையும் படிக்கும். குறிப்பில் இல்லாததைத் தன் பழைய படிப்பிலிருந்து ஊகித்துக் கொள்ளும். அந்தப் படிப்பில் எக்ஸெல் பார்முலாக்களும் உண்டு, பைத்தான் மொழிப் புரோகிராம்களும் உண்டு. இரண்டும் பல இடங்களில் ஒத்துப் போவதில்லை.

ஒரே கணக்கு, இரண்டு விடை

இதனை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி கால்குலேட்டர் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். விண்டோஸ் கால்குலேட்டர் கிடைக்கும். ஆல்ட் கீயுடன் 1 அழுத்தினால் ஸ்டாண்டர்ட் வகை. ஆல்ட் கீயுடன் 2 அழுத்தினால் சயின்டிபிக் வகை. முதலில் ஸ்டாண்டர்ட் வகையில் 2 + 3 × 4 = எனத் தட்டவும். விடை 20. இப்போது சயின்டிபிக் வகைக்கு மாறி அதையே தட்டவும். விடை 14. முதலாவது, தட்டத் தட்டக் கணக்கிடுகிறது. இரண்டாவது, பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்ற கணித விதியைப் பின்பற்றுகிறது. ஒரே கம்ப்யூட்டர், ஒரே புரோகிராம், ஒரே கணக்கு!

சயின்டிபிக் வகையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். டிகிரி என்பதைக் குறிக்கும் டெக் பட்டன் மேலே இருக்கும். அந்த நிலையில் சைன் 30 என்பது 0.5. அதே பட்டனைத் தட்டி ரேடியன் நிலைக்கு மாற்றினால் விடை மைனஸ் 0.988. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட டூல்கள் பெரும்பாலும் ரேடியனில்தான் எதிர்பார்க்கும். குறிப்பில் இது எழுதப்படவில்லை என்றால், ஏஜென்ட் 30 டிகிரி சாய்வுள்ள கூரைக்கு மைனஸ் உயரம் சொல்லும்.

அடுத்து அடுக்குக் குறி. எக்ஸெல் புரோகிராமில் =5^2 என்றால் 25. பைத்தானில் அதே 5^2 என்பது 7! அந்த மொழியில் இந்தக் குறி அடுக்கினைக் குறிப்பதில்லை. எண்களை இரும வடிவில் ஒப்பிடும் வேறொரு செயலுக்கானது. அடுக்கிற்கு இரண்டு நட்சத்திரக் குறி, அதாவது 5**2 எனத் தர வேண்டும். இதில் வேதனை என்னவென்றால், பிழைச் செய்தி எதுவும் வராது. 7 என்ற விடை சாதுவாக வந்து உட்கார்ந்துவிடும். மைனஸ் குறியிலும் இதே கதைதான். எக்ஸெலில் =-2^2 என்றால் 4; பைத்தானில் -2**2 என்றால் மைனஸ் 4. லாக் 100 என்பது எக்ஸெலில் 2. பைத்தானின் லாக் பங்ஷனில் 4.605. எக்ஸெல் ரவுண்ட் பங்ஷனில் 2.5 என்பது 3 ஆகும். பைத்தானின் ரவுண்ட் அதனை 2 ஆக்கும், ஏனெனில் பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டு செல்வது அதன் வழக்கம்.

சதவீதக் குறி இவை எல்லாவற்றையும்விட மோசமானது. விண்டோஸ் கால்குலேட்டரின் ஸ்டாண்டர்ட் வகையில் 100 + 10 % = எனத் தட்டினால் 110 வரும். கடைக்காரர் கணக்கு இது. பைத்தானிலோ % என்பது மீதியைக் குறிக்கும். 250 % 18 என்றால், 250ஐ 18ஆல் வகுக்கக் கிடைக்கும் மீதியான 16தான் வரும். 250 ரூபாய்க்கு 18 சதவீத வரி 45 ரூபாய். 16 ரூபாய் என்று வந்தாலும் பார்ப்பதற்குத் தவறாகத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

நமக்கே உரிய பிரச்னை ஒன்றும் உண்டு. ஒன்றரை லட்சத்தை 1,50,000 என எழுதுகிறோம். மேல்நாட்டினர் 150,000 என எழுதுவார்கள். பைத்தான் இரண்டையுமே ஏற்பதில்லை. 1,50,000 என்பதை அது 1, 50, 0 என்ற மூன்று தனித்தனி எண்களாக எடுத்துக் கொள்ளும். டூல் எழுதியவர் வேறு நாட்டுக்காரர் என்றால் லட்சம், கோடி கமாக்கள் பற்றி அவர் நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டார்.

நல்ல குறிப்பு ஒன்று நம்மிடமே உள்ளது

எக்ஸெல் புரோகிராமில் கடன் தவணையைக் கணக்கிட ஒரு பங்ஷன் உள்ளது. பெயர் பி.எம்.டி. ஏதேனும் ஒரு செல்லில் =பிஎம்டி(8.5%/12,240,-2000000) என, பங்ஷன் பெயரை ஆங்கில எழுத்துகளில் அமைத்து என்டர் தட்டினால் 17,356.46 கிடைக்கும். கூகுள் ஷீட்ஸ் தளத்திலும் இதே வடிவம் செயல்படும். இந்தப் பங்ஷனுக்கு மைக்ரோசாப்ட் தந்துள்ள ஹெல்ப் பக்கத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள். வட்டி விகிதமும் தவணை எண்ணிக்கையும் ஒரே கால அளவில் இருக்க வேண்டும் எனச் சொல்லி, நான்கு ஆண்டுக் கடனை 12 சதவீத வட்டியில் மாதந்தோறும் கட்டினால் எதை 12ஆல் வகுக்க வேண்டும், எதை 12ஆல் பெருக்க வேண்டும் எனக் காட்டியிருப்பார்கள். கிடைக்கும் தொகையில் அசலும் வட்டியும் மட்டுமே அடங்கும், வரியும் கட்டணங்களும் அடங்காது என்றும் இருக்கும். மனிதர்களுக்காக எழுதப்பட்டது இது. ஆனால் ஏஜென்ட் ஒன்றுக்குத் தேவையானவையும் இவைதான். அளவு எது, உதாரணம் எது, எது இதில் சேராது.

இந்த உதாரணம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 240 மாதங்களுக்குப் பதில் ஆண்டுகள் என நினைத்து 20 என அனுப்பினால் தவணை 1 லட்சத்து 7 ஆயிரத்தைத் தாண்டும். வட்டியை 0.085 என எதிர்பார்க்கும் டூலுக்கு 8.5 என அனுப்பினால் தவணை 14 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும். இவை கூச்சல் போடும் தவறுகள். யார் பார்த்தாலும் தெரிந்துவிடும். எதிர்த் திசையில் நடந்தால்? சதவீதமாக 8.5 என எதிர்பார்க்கும் டூலுக்கு 0.085 என அனுப்பினால் தவணை சுமார் 8,400 ரூபாய் என வரும். வீடு வாங்கும் ஆசையில் இருப்பவருக்கு இனிப்பான செய்தி. சத்தமே போடாத தவறு இது.

எழுதிப் பார்ப்போம்

இணையத்தில் கிடைக்கும் பல டூல்களில் குறிப்பு ஒரே வரியில் இருக்கும். "கணிதக் கணக்குகளைச் செய்யும்" என்பது போல. மேலே பார்த்த அத்தனை குழப்பங்களுக்கும் இந்த வரியில் பதில் இல்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம். பொதுவாக ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். இங்கு தமிழில் தரப்படுகிறது.

பெயர்: கணக்கிடு

விளக்கம்: ஓர் எண் கணக்கைச் செய்து அதன் விடையைத் தரும். இரண்டு இலக்கத்திற்கு மேற்பட்ட எண்கள் அல்லது பின்னங்கள் வரும் எந்தக் கணக்கிற்கும் இதனைப் பயன்படுத்தவும். மனக்கணக்காக விடை எழுத வேண்டாம். தெரியாத மதிப்பைக் கண்டறியும் சமன்பாடுகள், தேதிக் கணக்கு, நாணய மாற்றம் ஆகியவற்றிற்கு இதனைப் பயன்படுத்த வேண்டாம்.

அனுப்ப வேண்டியது: கணக்கு முழுவதும் ஒரே வரியில். எண்களில் கமா கூடாது. 1,50,000 என்பதை 150000 என அனுப்பவும். சதவீதக் குறி கூடாது. 18 சதவீதத்தை 0.18 என அனுப்பவும். அடுக்கிற்கு ** பயன்படுத்தவும். மைனஸ் எண்ணை அடுக்கிற்கு உயர்த்தும்போது அடைப்புக்குறிக்குள் தரவும். கோணங்கள் டிகிரியில். லாக் என்பது 10 அடிமானம்.

கிடைப்பது: ஒரே ஓர் எண், ரவுண்ட் செய்யப்படாமல். பைசாவிற்குச் சுருக்குவதைக் கடைசி விடையில் மட்டும் செய்யவும்.

உதாரணம்: 250 ரூபாய்க்கு 18 சதவீத வரி என்றால் 250*0.18 என அனுப்பவும், விடை 45.

இவ்வளவுதான். பத்துப் பதினைந்து வரிகள். இதில் "மனக்கணக்காக விடை எழுத வேண்டாம்" என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். டூல் என்ன செய்யும் என்பதுடன், எப்போது அதை எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. இது இல்லாவிட்டால், கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டே மாடல் தன் ஊகத்தில் விடை எழுதிவிட வாய்ப்புண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளும் செய்வதுதான்!

ரவுண்ட் பற்றிய வரியும் காரணத்துடன்தான் உள்ளது. மாத வட்டியான 0.00708333 என்பதை இடையிலேயே 0.007 எனச் சுருக்கிவிட்டு 240 மாதங்களுக்குக் கணக்கிட்டால் தவணை மாறிவிடும். இதற்கு எதிரான தொந்தரவு ஒன்றும் உண்டு. பைத்தானில் 0.1 + 0.2 எனக் கேட்டால் 0.30000000000000004 எனக் கிடைக்கும். கம்ப்யூட்டர் எண்களை இரும வடிவில் வைத்திருப்பதால் வரும் சிறு எச்சம் இது. இதனைப் பயனாளருக்கு அப்படியே காட்ட வேண்டாம் என்று ஒரு வரி சேர்ப்பவர்களும் உண்டு. பணக் கணக்கு மட்டுமே செய்யும் டூல் என்றால் அது நல்ல வரி.

அதற்காகக் குறிப்பினைப் பக்கம் பக்கமாக நீட்டிவிடக் கூடாது. டூல்களின் குறிப்புகள் உரையாடல் முழுவதும் மாடலின் முன் வைக்கப்பட்டே இருக்கும். ஏஜென்ட் ஒன்றிடம் 30 டூல்கள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் என்றால், உங்கள் கேள்விக்கு இடம் குறையும், செலவும் கூடும். கூட்டல் என்றால் என்ன என்பதை மாடலுக்கு விளக்க வேண்டியதில்லை. அது தவறாக ஊகிக்கக் கூடிய இடங்களை மட்டும் எழுதினால் போதும்.

பெயரிலேயே அளவு

கடன் தவணைக்கு இந்தப் பொது டூலையே பயன்படுத்தினால், ஏஜென்ட் முழு பார்முலாவையும் தானே எழுத வேண்டும். 2000000*(0.085/12)*(1+0.085/12)**240/((1+0.085/12)**240-1) என்று. ஓர் அடைப்புக்குறி இடம் மாறினால் போயிற்று. அடிக்கடி வரும் கணக்கு என்றால் தனி டூல் அமைப்பதே நல்லது. அப்போது அனுப்ப வேண்டிய மதிப்புகளுக்கு வட்டி, காலம் என மொட்டையாகப் பெயர் வைக்காமல் "ஆண்டு_வட்டி_சதவீதம்", "தவணை_மாதங்கள்" என வைக்க வேண்டும். விளக்கத்தை மறந்தாலும் பெயர் நினைவூட்டிவிடும். பணம் செலவில்லாத தீர்வு இது. ஆனால் பலர் செய்வதில்லை. விளக்கத்தில் "மாத வட்டி என்பது ஆண்டு வட்டியின் 12ல் ஒரு பங்கு" என்ற வரியையும் சேர்த்துவிட்டால், கட்டுரைத் தொடக்கத்தில் பார்த்த 395 ரூபாய்க் குழப்பம் அடிபட்டுப் போகும்.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு விண்வெளியில் ஒரு சாட்சி உண்டு. நாசா 1998 டிசம்பரில் செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1999 செப்டம்பர் 23 அன்று அந்தக் கிரகத்தை அடைந்த நேரத்தில் தொலைந்து போனது. தரையில் இருந்த ஒரு புரோகிராம், உந்துவிசைக் கணக்கினைப் பவுண்டு அளவில் தந்தது. அதனை வாங்கிக் கொண்ட புரோகிராம் நியூட்டன் அளவு என எடுத்துக் கொண்டது. நியூட்டன் அளவில்தான் தர வேண்டும் என்று இரு தரப்பிற்குமான குறிப்பில் எழுதப்பட்டே இருந்தது. வந்த எண் குறிப்பின்படி உள்ளதா எனச் சோதிக்கும் இடம்தான் இல்லாமல் போயிற்று.

எனவே குறிப்பில் சொன்னதை டூலும் சோதிக்க வேண்டும். ஆண்டு_வட்டி_சதவீதம் என்ற இடத்தில் 0.085 வந்தால், 8,400 ரூபாய் என விடை தராமல் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பும்போது தரும் பிழைச் செய்தியும் குறிப்பின் ஒரு பகுதிதான். "எர்ரர்" என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் அதே தவறை மீண்டும் அனுப்பும். அல்லது டூலைக் கைவிட்டு மனக்கணக்கில் இறங்கிவிடும். "வட்டி 1க்கும் குறைவாக உள்ளது. 8.5 சதவீதம் என்றால் 0.085 என அனுப்ப வேண்டாம், 8.5 என அனுப்பவும்" என்று வந்தால், படித்துவிட்டுத் திருத்தி அனுப்பும். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் 0 என விடை தரும் டூல்களும் இருக்கின்றன. அதற்குப் பதில் டூல் இல்லாமலே இருக்கலாம். அது போலவே, கணக்கு என்ற பெயரில் வரும் எதையும் அப்படியே பைத்தானில் இயக்கிவிடும் டூல், கம்ப்யூட்டரில் உள்ள பைல்களையே அழித்துவிடக் கூடிய கட்டளையையும் இயக்கிவிடும். எண்களும் கணிதக் குறிகளும் மட்டுமே ஏற்கப்படும் எனக் குறிப்பில் எழுதுவதுடன், டூலும் மற்றதை மறுக்க வேண்டும்.

டூலால் தீராத தவறும் உண்டு. வரியுடன் சேர்த்து 1,180 ரூபாய் எனப் பில் வருகிறது. 18 சதவீத வரி போக உண்மை விலை என்ன? 1180லிருந்து அதன் 18 சதவீதத்தைக் கழித்தால் 967.60. இது தவறு. 1180ஐ 1.18ஆல் வகுத்தால் 1000. இதுதான் சரி. கால்குலேட்டர் இரண்டையுமே பிழையின்றிச் செய்யும். எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பது மாடலின் பொறுப்பு. இது அடிக்கடி நிகழ்ந்தால், குறிப்பில் உள்ள உதாரணங்களில் ஒன்றாக இதையும் சேர்க்கலாம். ஓர் உதாரணம் இரண்டு பத்தி விளக்கத்தின் வேலையைச் செய்யும்.

நீங்கள் செய்யக் கூடியது

டூல் எழுதும் பழக்கம் இல்லாதவர்களும் இதனைப் பயன்படுத்தலாம். உரையாடல் வசதிகள் பலவற்றின் செட்டிங்ஸ் பிரிவில், எல்லாக் கேள்விகளுக்கும் பொருந்தும்படியான குறிப்புகளை எழுதி வைக்க இடம் தரப்பட்டுள்ளது. சாட் ஜிபிடி இந்த வசதியினை 2023 ஜூலையில் தந்தது. அங்கு, "கணக்கு எதுவானாலும் டூல் கொண்டு செய்யவும். எண்களை லட்சம், கோடி முறையில் காட்டவும். கடன் தவணைக்கு ஆண்டு வட்டியை 12ஆல் வகுக்கவும். அனுப்பிய மதிப்புகளை விடையுடன் காட்டவும்" என எழுதி வைக்கலாம். கடைசி வரி மிகவும் பயன் தரும். மதிப்புகள் கண்ணில் பட்டால், 240 என்பது 20 என இருப்பதை யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

டூலுக்குக் குறிப்பு எழுதுபவர்கள், விடை தெரிந்த பத்துக் கணக்குகளைப் பட்டியலிட்டு வைத்துக் கொள்வது நல்லது. மேலே வந்தவையே போதும்: 4738ஐ 6291ஆல் பெருக்குவது, 5ன் வர்க்கம், சைன் 30, 250க்கு 18 சதவீதம், 1,50,000ல் பாதி, 20 லட்சம் கடன். குறிப்பில் ஒரு சொல்லை மாற்றும்போதெல்லாம் இவற்றை ஏஜென்டிடம் புதிதாகக் கேட்க வேண்டும். எது தவறுகிறதோ அதற்குரிய வரியை மட்டும் திருத்த வேண்டும். பட்டியலில் கணக்கே தேவைப்படாத கேள்வி ஒன்றையும் சேர்க்கவும். ஒரு டஜன் என்றால் எத்தனை எனக் கேட்கும்போது ஏஜென்ட் கால்குலேட்டரைத் தேடி ஓடினால், விளக்கத்தில் எங்கோ ஒரு சொல் அதிகமாகிவிட்டது. அதனை எடுத்துவிட்டு மீண்டும் கேட்டுப் பார்க்கவும்.